காவல்துறை புகார் ஆணையத்தின் தலைவர்களான நான்கு ஆட்சியர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

நீங்கள் வகிக்கும் பொறுப்புகளில் மக்களுக்கு அதிகம் தெரியாத ஒன்றைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். தேர்தல் வந்தால் நீங்கள் தேர்தல் அலுவலர். வெள்ளம் வந்தால் பேரிடர் மேலாண்மையின் தலைவர். மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்ற கேள்வியும் உங்களிடம்தான் வருகிறது. இவற்றோடு, 2013-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல்துறை சீர்திருத்தச் சட்டப்படி, மாவட்டக் காவல்துறை புகார் ஆணையத்தின் தலைவரும் நீங்களே. உறுப்பினர்களாக இருப்பவர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் காவல் கண்காணிப்பாளரும். சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2019-ல், இதற்கான அரசாணை வெளிவந்தது.

நான் திருவாரூர் மாவட்டத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். காவலர்கள் மீது குறை சொல்லிக்கொண்டு என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் ஒருவர்கூட இப்படி ஓர் ஆணையம் இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நான் போய்வரும் காவல் நிலையங்களிலோ நீதிமன்ற வளாகங்களிலோ அரசு மருத்துவமனைகளிலோ அதன் பெயரையும் முகவரியையும் தாங்கிய பலகை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. புகார் வராததால் கூட்டம் கூடுவதில்லை என்று சொல்லப்படலாம். இருப்பதே தெரியாத இடத்துக்கு யார் புகார் கொண்டுவருவார்கள்?

இந்த ஆணையம் எதற்கு வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காவலில் ஒருவர் இறந்துபோனால் அதற்கென்று ஒரு வழிமுறை இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவுப்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். உடற்கூறாய்வு வீடியோவில் பதிவாக வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோதும், 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவர் இறந்தபோதும் (நம் கும்பகோணத்துப் பக்கத்துத் திருபுவனம் இல்லை; சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம்) நாடே பார்த்தது; நீதிமன்றம் தலையிட்டது; வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. ஆனால் காவலில் அடிபட்டு உயிரோடு வெளியே வருபவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. கை முறிந்தவருக்கும், காது கேட்காமல் போனவருக்கும், இரண்டு நாள் உட்காரவைத்து வழக்கே பதியாமல் அனுப்பப்பட்டவருக்கும் தானாக நடக்கும் விசாரணை என்று ஒன்று இல்லை. உயர் நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். தஞ்சாவூர்க்காரர் அதற்கு மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். வேதாரண்யத்தில் நடவுக் கூலிக்குப் போகும் ஒரு பெண், கணவனைப் போலீஸ் அடித்ததற்காக முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வழக்குப் போடுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறிந்தவர் பேச்சாக இருக்காது. மாநில மனித உரிமைகள் ஆணையமும் சென்னையில்தான் இருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் அங்கே புகாரை ஏற்கவும் மாட்டார்கள். எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது மாவட்ட ஆணையம் ஒன்றுதான்.

உயிரோடு வருபவர்களின் நிலை என்ன என்பது நீதிமன்ற வராந்தாவில் நிற்பவர்களுக்குத் தெரியும். கைதானவரை ரிமாண்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் பணி மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்கியாகிவிடுகிறது. நள்ளிரவில் வரிசையாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர், பக்கத்தில் நான்கு காவலர் நிற்க, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பது அரிது. நடுவர், போலீஸ் அடித்தார்களா என்று கேட்கிறார். கேட்பது சட்டப்படி சரியே. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். அடித்தவர் வாசலில் நிற்கிறார். கிளைச் சிறை வரைக்கும் வழிக்காவலாக வரப்போவது அதே நிலையத்தின் ஆட்கள். "இல்லீங்கய்யா" என்ற பதில் ஆவணத்தில் ஏறிவிடுகிறது. பின்னர் எந்த மேல்முறையீட்டிலும் அரசுத் தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒற்றைச் சொல்லைத்தான்.

மாவுக்கட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார், கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்ற செய்திகளோடு, கையில் மாவுக்கட்டு போட்டவரின் படம் வாரம் தவறாமல் வருகிறது. அதற்குக் கீழே மக்கள் கைதட்டுகிறார்கள். இந்தக் கைதட்டலைக் காவல்துறையின் குற்றமாக மட்டும் நான் கருதவில்லை. பத்து ஆண்டுகள் இழுக்கும் வழக்கில் நம்பிக்கை இழந்தவர்கள், உடனடித் தண்டனை எது கிடைத்தாலும் மகிழ்கிறார்கள். ஆனால் ரவுடிக்குப் போடும் அதே கட்டு, மோட்டார் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட பையனுக்கும் விழுகிறது என்பதைக் கைதட்டுபவர்கள் அறிவதில்லை. அந்தப் பையனின் படம் செய்தித்தாளில் வராது.

மோட்டார் திருட்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. டெல்டாவில் வயல்வெளிப் பம்புசெட்டிலிருந்து மோட்டாரும் தாமிரக் கம்பியும் திருடு போவது வழக்கமான குற்றம். இழப்பு சிறு விவசாயிக்குப் பெரியது. அவர் கோபம் நியாயமானது. கண்காணிப்பாளர் அலுவலகத்து மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை வழக்கு, எவ்வளவு ரெக்கவரி (மீட்கப்பட்ட திருட்டுப் பொருள்) என்று கேட்கப்படுகிறது. கையில் துப்பு இல்லாத ஆய்வாளர் பழைய பட்டியலை எடுக்கிறார். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள், எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது செல்லும் என்று ஒரு விதிவிலக்கையும் வைத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 27-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவுக்குள் வந்திருக்கிறது. லத்தி வேலை செய்வது இந்த விதிவிலக்கின் வாசலில்தான். விரல்ரேகை, செல்போன் கோபுரப் பதிவு, பழைய இரும்புக் கடைகளின் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு துப்புத் துலக்க நேரமும் ஆளும் கொடுக்காமல், ரெக்கவரி மட்டும் கேட்டால், நிலையத்தில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இன்னொரு வகைப் புகார் அடிதடி இல்லாதது. ஆனால் எண்ணிக்கையில் அதுவே மிகுதி. குத்தகைத் தகராறு, வரப்புத் தகராறு, வட்டிக்கடன், கோயில் நிலத்துச் சாகுபடி உரிமை ஆகிய உரிமையியல் விவகாரங்கள் காவல் நிலையத்தில் கட்டப் பஞ்சாயத்தாக முடிக்கப்படுகின்றன. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கை கிடைப்பதில்லை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும், சில நேரங்களில் அதுவும் கிடைக்காது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமென்று தெரிந்தால் வழக்குப் பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் எதிர்மனுதாரர் யார் என்று பார்த்த பிறகே பேனா எடுக்கப்படுகிறது.

2025 ஏப்ரலில் தஞ்சாவூர் மாவட்டம் நடுக்காவேரியில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கள் சகோதரர் கைது செய்யப்பட்டதை எதிர்த்து நியாயம் கேட்டுப் போன இரு சகோதரிகள் காவல் நிலையத்துக்கு முன்பாகவே நஞ்சு அருந்தினார்கள், ஒருவர் இறந்தார். வழக்கின் உண்மைகளுக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு நிலையத்தின் மீது குறை இருக்கும்போது அங்கிருந்து அடுத்ததாக எங்கே போவது என்று அந்த இரு பெண்களுக்கும் யாராவது சொல்லியிருந்தார்களா என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது, அங்கே மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்ல ஒரு பலகையாவது இருந்திருக்க வேண்டாமா?

இப்போது ஆணையத்தின் அமைப்புக்கு வருகிறேன். இதைச் சொல்வது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 2006 செப்டம்பர் 22 அன்று, காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளை இட்டது. அவற்றில் ஒன்று புகார் ஆணையம். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும், மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும் என்று அது கூறியது. காவல் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை மட்டுமல்லாமல், பணப் பறிப்பு, நிலம் வீடு அபகரிப்பு, அதிகாரத்தின் கடுமையான துஷ்பிரயோகம் ஆகியவற்றையும் துணைக் கண்காணிப்பாளர் வரையிலானவர்கள் மீது மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம் என்று வகுத்தது. நம் அண்டை மாநிலமான கேரளம் 2011-ஆம் ஆண்டின் காவல் சட்டத்தில் நீதிபதிகளைத் தலைவர்களாக வைத்தது. தமிழ்நாடு, மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் காவல்துறைத் தலைவரையும், மாவட்ட அளவில் உங்களையும் உங்கள் கண்காணிப்பாளரையும் வைத்தது. புகாருக்கு உள்ளான ஆய்வாளரின் மேலதிகாரி, புகாரைக் கேட்கும் மேசையின் இரண்டாம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

நீங்களோ முதல் நாற்காலியில் இருந்தாலும் கண்காணிப்பாளரிடமிருந்து விலகி நிற்கக்கூடிய நிலையில் இல்லை. குண்டர் சட்டத்தில் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கக் கோப்பு அனுப்புகிறவர் அவர். ஆணையில் கையெழுத்திடுகிறவர் நீங்கள். கோயில் தேரோட்டமோ, தலைவர்கள் வருகையோ, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கி விவசாயிகள் மறியலுக்கு உட்கார்ந்தாலோ, அடுத்த அரைமணி நேரத்தில் நீங்கள் அழைப்பது அவரைத்தான். நல்ல ஆட்சியராக இருப்பதற்கே அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். அப்படிப்பட்ட ஒருவரிடம் அவருடைய துறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கொடுப்பது, ஆட்சியரின் நேர்மையைப் பொறுத்த விஷயமே கிடையாது, அமைப்பின் குறை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறையும் இல்லை. 1854-ல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. நிலவரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்கவும் விரல்களைக் கிட்டி என்ற இடுக்கியில் நசுக்கியதையும், குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் அது பதிவு செய்தது. கொடுமையைப் போலவே அது அழுத்திச் சொன்ன மற்றொன்று, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரம் பெறுவதில் இருந்த சிரமம். வரியும் காவலும் தாசில்தார் என்ற ஒரே கையில் இருந்தன. அடித்தவரின் மேலதிகாரியிடமே போய் முறையிட வேண்டியிருந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் காவலை வருவாய் நிர்வாகத்திலிருந்து பிரித்து 1859-ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டம் இன்றும் பெயர் மாறித் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. ஆனால் அப்போது பிரித்த இரு கைகளையும் புகார் கேட்கும் மேசையில் நாம் மறுபடி சேர்த்து வைத்திருக்கிறோம். (திருவாரூரிலிருந்து எழுதும் எந்த மனுவிலும் மனுநீதிச் சோழனும் கன்றுக்குட்டியும் வந்துவிடுவார்கள், நான் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் அந்தக் கதையில்கூட ஆராய்ச்சி மணி தேரோட்டியின் வீட்டு வாசலில் கட்டப்பட்டிருக்கவில்லை.)

இந்த மண்ணில் காவல்துறையோடு மக்களுக்கு நீண்ட கணக்கு உண்டு. 1950-ல் விவசாயத் தொழிலாளர் தலைவர்களான வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். கீழத் தஞ்சையில் கூலி உயர்வுப் போராட்டங்கள் நடந்த 1960-களில் கிசான் போலீஸ் என்று தனிப்படையே இறங்கியது. பண்ணை வீட்டுத் திண்ணைகளில் அது முகாமிட்டிருந்ததை வெண்மணிப் பக்கத்து முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவை எதிர்த்து நின்றவர்கள் மீது தடியடி நடந்தது. யாரிடம் முறையிட வேண்டும் என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டுகளில் எவரும் நம்பத்தக்க பதில் தரவில்லை.

காவலர் தரப்பு நியாயத்தையும் நான் அறிவேன். நீதிமன்றப் பணிக்கு வரும் காவலர்களிடம் பேசிப் பார்த்தால், அறிவிக்கப்பட்ட வார விடுப்பு கிடைக்காத கதையும், இரவுப் பாரா முடித்துக் காலையில் பந்தோபஸ்துக்குப் போன கதையும்தான் வரும். சங்கம் வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அதிகாரியின் வீட்டுவேலைக்கு அனுப்பப்படும் ஆர்டர்லி முறையைப் பற்றி உயர் நீதிமன்றமே கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. புகார் ஆணையம் வந்தால் ரவுடிகள் எல்லாரும் பொய் மனு போட்டுக் காவலரை முடக்கிவிடுவார்கள் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். பொய் மனு வரத்தான் செய்யும். நீதிமன்றத்துக்கும் பொய் வழக்கு வருகிறது, அதற்காக நீதிமன்றத்தை யாரும் பூட்டிவைப்பதில்லை. மேலும், சார்பற்ற ஆணையம் காவலருக்கும் உதவும். சாத்தான்குளத்தில் நடந்ததை நடுவரிடம் சொன்ன பெண் தலைமைக் காவலர் எவ்வளவு அச்சத்தோடு சொன்னார் என்பது பதிவாகியிருக்கிறது. 2025 ஜூலையில் மயிலாடுதுறையில் மதுவிலக்குப் பிரிவுத் துணைக் கண்காணிப்பாளர் ஒருவர், தம் வாகனம் பறிக்கப்பட்டது என்று கூறிச் சாலையில் நடந்தே அலுவலகம் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்து அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். யார் பக்கம் நியாயம் என்பது எப்படியிருந்தாலும், துறைக்குள் குறை இருப்பவர் துறைக்கு வெளியே போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை என்பது அதில் தெரிந்தது.

இனி, உங்களிடம் கேட்பது. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ஆனால் புதிய அரசாணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஆணையத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண், புகார் தரும் முறை ஆகியவற்றை எல்லாக் காவல் நிலைய வாசலிலும், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும், கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் தமிழில் எழுதிவைக்கச் செய்யுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் காவல்துறை மீது வரும் மனுக்களை, அந்தந்த நிலையத்துக்கே அறிக்கை கேட்டு அனுப்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஆணையத்தின் பதிவேட்டில் ஏற்றி, மனுதாரருக்கு எண்ணோடு ரசீது கொடுங்கள். அந்த ஒரு பழக்கம்தான் மனு கொடுத்தவரை மறுநாளே நிலையத்துக்கு வரவழைத்து, "யார்கிட்டப் போய் எழுதிக் கொடுக்கிற?" என்று கேட்கவைக்கிறது.

அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.), காவலர்கள் தாக்கியதாகக் கூறி ஒருவர் பதிவாகும்போதெல்லாம், அந்த ஏ.ஆர். நகல் ஒன்று 24 மணி நேரத்துக்குள் உங்கள் அலுவலகத்துக்கு வர ஏற்பாடு செய்யலாம். கும்பகோணம், மன்னார்குடி போன்ற மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் வழியாகவும், மருத்துவக் கல்லூரிகளுக்கு முதல்வர்கள் வழியாகவும் இது ஒரு கடிதத்தில் முடியும் வேலை. அதுபோலவே கண்காணிப்புக் கேமரா. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், நிலையத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும் என்றது. மேற்பார்வையிடும் மாவட்டக் குழுவில் ஆட்சியரையும் வைத்தது. சாத்தான்குளம் நிலையத்தில் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன நடுவர் கண்டார். உங்கள் மாவட்டத்து நிலையங்களில் முன்னறிவிப்பின்றி ஒருநாள் போய், போன மாதத்து ஒரு தேதியைச் சொல்லி, அன்று இரவுப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கேமரா ஓடுகிறதா என்று பார்ப்பது போதாது. அது எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

புகாருக்கு உள்ளானவர் கண்காணிப்பாளரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருப்பவராக இருந்தால், விசாரணை நாளில் கண்காணிப்பாளரை அறைக்கு வெளியே இருக்கச் சொல்லி, மனுதாரரின் வாக்குமூலத்தை நீங்கள் தனியே பதியலாம். அதைத் தடுப்பது நியாயம் என்று எவரும் வாதிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆண்டுக்கு எத்தனை புகார், எந்தெந்த நிலையம், என்ன முடிவு என்ற பட்டியலை, பெயர்களை விட்டுவிட்டு, மாவட்ட இணையதளத்தில் வெளியிடுங்கள். சுழியமாக இருந்தாலும் வெளியிடுங்கள். எதனால் சுழியம் என்று அடுத்த கேள்வியை மக்கள் கேட்டுக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று, கடினமானது. இந்தத் தலைமைப் பொறுப்பு உங்களிடம் இருக்கக் கூடாது என்று நீங்களே அரசுக்கு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 1969 முதல் காவல் ஆணையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கப்பட்டன. கடைசியாக 2022-ல் நீதியரசர் சி.டி. செல்வம் தலைமையில் ஒன்று அமைந்தது. 2013 சட்டத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்குகள் வந்தன. அவற்றில் எல்லாம் பேசியவர்கள் நீதிபதிகள், முன்னாள் காவல் அதிகாரிகள், கட்சிகள், எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆட்சியர் ஒருவர், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி இங்கே இருக்க வேண்டும், காவல்துறையில் பணியில் இருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று கோப்பில் எழுதினால், உள்துறை அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். நால்வரில் ஒருவர் எழுதினாலும் தொடக்கமாகும்.

வருகிற திங்கட்கிழமை திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் என் கட்சிக்காரர் ஒருவரின் மனுவோடு வரிசையில் நிற்பேன். மனுவின் தலைப்பில் "மாவட்டக் காவல்துறை புகார் ஆணையத் தலைவர் அவர்களுக்கு" என்று எழுதியிருக்கும், மருத்துவமனையின் ஏ.ஆர். நகலை இணைத்திருப்பேன். அதைக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்ட வழக்கறிஞர் ஒருவர்